வெறுமையாக இருக்க வேண்டிய அணை: மலையகத்தில் வெள்ளத்துக்காகக் கட்டும் சிறு மண் அணைகள்

மலையகத்தில் மண்ணால் கட்டிய அணை என்றால் பெரும்பாலானோர் மனதில் வருவது தண்ணீர் ததும்பும் வாவிதான். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியின் குறுக்கே கட்டெழுப்பி உண்டாக்கிய கண்டி வாவி, 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் நுவரெலியாவில் அமைந்த கிரகரி வாவி ஆகிய இரண்டிலும் கட்டுக்குள்ள வேலை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. ஓடையோரத்து லயங்களையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கீழேயுள்ள கடைத்தெருவையும் வெள்ளத்திலிருந்து காக்கக் கட்டும் சிறு மண் அணைக்கு வேலையே வேறு. அது வருடத்தின் பெரும்பகுதியும் காலியாகக் கிடக்க வேண்டும். அடியில் உள்ள குழாய் வழியே ஓடை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெருமழை கொட்டும் அந்தச் சில மணி நேரம் மட்டும் வெள்ளத்தைத் தடுத்துப் பிடித்து, குழாய் விடுகிற அளவுக்கு மெல்ல மெல்லக் கீழே அனுப்பி, மறுநாளைக்குள் மறுபடி காலியாகிவிட வேண்டும்.

இது சரியாக விளங்காததால்தான் நல்லபடி கட்டிய அணைகளும் பாழாகின்றன. முதல் மழைக்காலம் கழிந்ததும், "இவ்வளவு மண்ணைக் கொட்டியும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லையே" என்ற பேச்சு எழும். கரட்டுக்கும் லீக்ஸுக்கும் தண்ணீர் தட்டுப்படும் மாதத்தில் யாராவது குழாய் வாயில் மண் நிரப்பிய உரப்பையைத் திணிப்பார்கள். அடுத்த பெருமழை வரும்போது அணை ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கும், வெள்ளத்துக்கு இடமிருக்காது. விவசாயத்துக்குத் தண்ணீர் வேண்டுமானால் பக்கத்தில் தனியாகக் குட்டை வெட்டுவது நல்லது. ஒரே அணையில் இரண்டும் வேண்டுமென்றால், நிரந்தரத் தேக்கத்தை அடியில் தனியாகக் கணக்கிட்டு, வெள்ளத்துக்கான கொள்ளளவை அதற்கு மேலே வைத்து, கட்டையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். குழாயை அடைப்பது அதற்கு வழியல்ல.

இடமும் கணக்கும்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலம் 20 ஹெக்டெயர், அதாவது ஏறத்தாழ 50 ஏக்கர். மேலே தேயிலை, நடுவில் மரக்கறித் தோட்டம், பாதை, லயக் கூரைகள். மூன்று மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் பாதி ஓடி வந்தால் அணைக்கு வந்து சேர்வது 10,000 கன மீற்றர். மழை உச்சத்தில், மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் ஊற்றும்போது ஓடையில் செக்கனுக்குச் சுமார் 2.8 கன மீற்றர் வரும். ஓட்டக் குணகத்தை (பெய்த மழையில் ஓடி வரும் பங்கு) மழை வேகத்தாலும் பரப்பாலும் பெருக்கி 360ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்: 0.5 × 100 × 20 ÷ 360. குணகம் 0.5 என்பது கலப்பு நிலத்துக்கு. நல்ல மூடலுள்ள தேயிலைக்குக் குறையும். வெறுமண்ணாகக் கொத்திய செங்குத்து மரக்கறி நிலத்துக்குக் கூடும்.

இதில் எவ்வளவை நிறுத்த முடியும் என்பதைத் தீர்மானிப்பது ஓடைப் படுகையின் சாய்வுதான். வான், அதாவது அணை நிறைந்தபின் மிகை நீர் வழிந்தோடும் வழி; அதன் மட்டம் படுகையிலிருந்து 4 மீற்றர் உயரம், அந்த மட்டத்தில் பள்ளத்தின் அகலம் 48 மீற்றர் என்று வையுங்கள். படுகை 100 மீற்றருக்கு 5 மீற்றர் இறங்குமானால் தண்ணீர் பின்னுக்கு 80 மீற்றர்தான் தேங்கும். கொள்ளளவு ஏறத்தாழ 2,500 கன மீற்றர். 100 மீற்றருக்கு 2 மீற்றர் மட்டும் இறங்கினால் 200 மீற்றர் தேங்கும், கொள்ளளவு 6,400. கட்டும் அதே கட்டு, மண்ணும் அதே மண், செலவும் அதே செலவு, கொள்ளளவு மட்டும் இரண்டரை மடங்கு. எனவே கட்டின் உயரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், மட்டக்கருவியோடு ஓடை நெடுக நடந்து தட்டையான துண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைவிட்ட வயல் நிலம், ஈரப் புல் பற்றை, இரண்டு ஓடைகள் சேர்ந்து கொஞ்சம் விரிந்து பின் ஒடுங்கும் வாய் ஆகியவை நல்ல இடங்கள். அருவி போல இறங்கும் ஓடையில் மண் அணை கட்டுவது பண விரயம். அங்கே மேல் மலையில் கான்களை (வடிகால்களை) சீராக்கி, இடையிடையே தடுப்பு வைத்து, சிறு கல் தடுப்புகளை அடுக்குவதுதான் பயன் தரும்.

மண்சரிவு விடயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அணைக்குள் தண்ணீர் ஏறும்போது இரு பக்கத்து மலையின் அடிவாரம் நனைகிறது; தண்ணீர் மட்டம் சில மணி நேரத்தில் இறங்கும்போது மண்ணுக்குள் நின்ற ஈரம் அதே வேகத்தில் இறங்காமல் உள்ளிருந்து தள்ளுகிறது. ஏற்கெனவே தளர்ந்த சரிவு இந்தக் கட்டத்தில் நழுவும். வளைந்து சாய்ந்த மரங்கள், பிறை வடிவ வெடிப்புகள், திடீரெனத் தோன்றிய ஊற்றுகள், மண்ணோடு கலந்து தாறுமாறாகக் கிடக்கும் பெரிய கற்கள் ஆகியவை பழைய சரிவின் அடையாளங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் உயர் அபாயம் என்று நிறமிட்ட இடத்தில் அணையும் வேண்டாம், வானும் வேண்டாம்.

மண், காலம், இறுக்கம்

மேலே சொன்ன உதாரணத்துக்குக் கட்டின் உயரம் 5.1 மீற்றர் வரும் (ஏன் என்று வான் பகுதியில் பாருங்கள்). மேல் அகலம் 3 மீற்றர், தண்ணீர்ப் பக்கச் சரிவு 1க்கு 3 (1 மீற்றர் உயரத்துக்கு 3 மீற்றர் கிடை), வெளிப்பக்கச் சரிவு 1க்கு 2.5. நடு ஓடையில் அடி அகலம் 31 மீற்றர். இதைக் கேட்டவுடன் பலரும், "இவ்வளவு எதற்கு, ஒன்றுக்கு ஒன்றரை போதாதா" என்பார்கள். போதாது. நனைந்த மண் அந்தச் சரிவில் நிற்காது. கட்டுக்கு மட்டும் 1,900 கன மீற்றர், கட்டின் அடியால் தண்ணீர் கசியாதபடி தோண்டி நிரப்பும் அடித்தளக் காப்புக் குழிக்கு இன்னும் 300. தளர்வான மண்ணாக ஏற்றும்போது கால் பங்கு கூடும் என்பதால் ஏறத்தாழ 1,000 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி, அதாவது சுமார் 2.8 கன மீற்றர்) மண்ணுக்குத் திட்டமிடுங்கள். மூன்று கியூப் டிப்பரில் 330 நடைக்கு மேல். மண்ணை அணையின் உட்பகுதியிலேயே வெட்டினால் கொள்ளளவும் கூடும், போக்குவரத்தும் மிச்சம். ஆனால் கட்டின் அடியிலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளியே வெட்ட வேண்டும்.

மண்ணைச் சோதிக்க முதலில் கையே போதும். ஈரமாக்கிப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினால் பென்சிலைவிட மெல்லிய திரியாக, உடையாமல் வர வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் கால்வாசி மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் அடியில் மணலும் மேலே களியும் படிந்து பங்கு தெரியும். களி கால் பங்கு அளவில் இருந்தால் நல்லது. பிறகு உலர்ந்த ஒரு சிறு கட்டியைத் தெளிந்த தண்ணீரில் மெல்லப் போட்டுவிட்டுக் கலக்காமல் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் அந்த மண் தண்ணீரில் தானாகவே கரைந்து பிரியக்கூடியது, அணைக்கு ஆகாது.

மலையகத்துச் சிவப்பு மண் பெரும்பாலும் நல்ல மண்தான். சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டு மூன்று மீற்றர் ஆழத்தில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வெட்டும்போது, உக்கிய பாறையின் கோடுகள் தெரியும், மினுங்கும் மைக்காத் துகள்கள் நிறைந்த, மாவு போன்ற மண் வரும். வெட்ட இலகுவாக இருக்கும், ஓட்டுநருக்கும் பிடிக்கும். அது இறுகாது, ரோலர் போனதும் மறுபடி உப்பும், கசிவு நீரில் எளிதில் அரிக்கப்படும். அந்த மண்ணை வெளிப்பக்கத்தில் மட்டும் பாவியுங்கள். கட்டின் நடுப்பகுதிக்கும் காப்புக் குழிக்கும் வேண்டாம்.

வேலையை எப்போது தொடங்குவது என்பது மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலம்தான் வாய்ப்பு. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஊவாப் பக்கம், வெலிமடை, பதுளை, பண்டாரவளை என்றால் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காற்றும் வறட்சியுமாக இருக்கும். ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை இரு பக்கத்துக்கும் பொது. அரைகுறைக் கட்டோடு ஒக்டோபரில் மாட்டிக்கொண்டால் முழு வேலையும் கரைந்து போகலாம். பணம் ஓகஸ்டில் கைக்கு வந்தது என்பதற்காக மேற்குச் சரிவில் வேலையைத் தொடங்காதீர்கள். அடுத்த ஜனவரி வரை பொறுங்கள்.

முதலில் மேல்மண்ணை 20 முதல் 30 சென்றிமீற்றர் வரை வழித்து ஒதுக்கி வையுங்கள்; கடைசியில் புல் பதிக்க அது வேண்டும். பழைய தேயிலைத் தூர், யூக்கலிப்டஸ் வேர், மூங்கில் கிழங்கு எல்லாம் முழுமையாகத் தோண்டி எடுக்கப்பட வேண்டும். உள்ளே விட்ட வேர் சில வருடங்களில் உக்கி, கட்டுக்குக் குறுக்கே ஆயத்தமான ஒரு குழாயாகிவிடும். பிறகு கட்டின் நடுக்கோட்டில் காப்புக் குழி: அடி அகலம் 2 மீற்றர், இரு பக்கமும் 1க்கு 1 சரிவு, ஆழம் உறுதியான, தண்ணீர் விடாத மண் வரும் வரை. ஒரு மீற்றர் என்பது ஆகக்குறைந்த அளவு. கல்லும் மண்ணும் கலந்த பழைய சரிவு மண் இருந்தால் அது முடியும் வரை இறங்க வேண்டும்; முடியவே இல்லையென்றால் இடத்தை மாற்றுவதே சரி. குழியில் ஊற்று நீர் நிற்கும்போது மண் போடக்கூடாது. நீரை இறைத்து, ஊற்றைக் குழாயால் வெளியே எடுத்த பிறகே போட வேண்டும்.

மண்ணைத் தளர்வாக 20 சென்றிமீற்றருக்கு மேல் பரப்பாதீர்கள். ஈரப்பதம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை அழுத்துங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக்கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து விழவிட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். தூளானால் தண்ணீர் தெளிக்க வேண்டும். தட்டையாக அப்பினால் காய விட வேண்டும். மலையகத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். மண் மிகை ஈரமாக இருக்கும். வேலை அவசரத்தில் அப்படியே உருட்டுவார்கள். ரோலர் போகும்போது தரை மெத்தை போல அலையும். அப்படி அலைந்த அடுக்கைக் கிளறிக் காயவிட்டு மறுபடி இறுக்குங்கள். களி மண்ணுக்கு ஆட்டுக்கால் ரோலர்தான் (உருளையில் குமிழ்கள் உள்ளது) பொருத்தம், ஆறு முதல் எட்டு நடை. பெக்கோவின் வாளியால் தட்டுவதும், டோசர் மேலே போய்வருவதும் இறுக்கமாகாது. டோசரின் சங்கிலிப் பட்டை எடையைப் பரப்பிவிடும். மழை வரும் முன் மேற்பரப்பைச் சரித்து வழுவழுப்பாக உருட்டி மூடுங்கள். அடுத்த அடுக்குப் போடும் முன் அதே மேற்பரப்பைக் கீறி விடுங்கள். கீறாமல் போட்ட அடுக்குகளுக்கு இடையேதான் தண்ணீர் வழி தேடும். கட்டு காலப்போக்கில் அமரும் என்பதால் நடுப்பகுதியை உயரத்தில் 5 வீதம், இங்கே 25 சென்றிமீற்றர், கூட்டிக் கட்டுங்கள்.

குழாய்

உலகெங்கும் உடைந்த மண் அணைகளில் ஏறத்தாழ பாதி மேலால் வழிந்து உடைந்தவை. மறு பாதியில் பெரும்பாலானவை உள்ளே மண் அரித்து உடைந்தவை. சிறு அணைகளில் அந்த உள்ளரிப்பு குழாயை ஒட்டியே அதிகம் நடக்கும். ஆகவே கவனமும் பணமும் முதலில் போக வேண்டிய இடம் இது.

எங்கள் உதாரணத்தில் 300 மில்லிமீற்றர் துளை, 4 மீற்றர் தண்ணீரின் கீழ், செக்கனுக்கு 0.37 கன மீற்றர் விடும். உச்சத்தில் 2.8 வரும் ஓடை கீழே 0.37ஆகக் குறைகிறது. மூன்று மணி நேர மழையில் அந்தத் துளை ஏறத்தாழ 3,000 கன மீற்றரை வெளியே விட்டுவிடும். மீதி 7,000, அது 6,400 கொள்ளளவை ஒட்டி வரும், மிஞ்சுவதை வான் பார்த்துக்கொள்ளும். மழை விட்டதும் அணை ஆறு மணி நேரத்தில் வடியும். மலையகத்தில் இன்று பின்னேரம் கொட்டியது நாளைப் பின்னேரமும் கொட்டும் என்பதால் ஒரு நாளைக்குள் வடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கைவிடாதீர்கள்.

துளை 300 என்பதற்காகக் குழாயையும் 300இல் போடுவது பரவலாக நடக்கும் தவறு. குழாய் 600 மில்லிமீற்றர் ஹியூம் குழாயாக (கொங்கிரீட் குழாய்) இருக்கட்டும். அதன் வாயில் 300 மில்லிமீற்றர் துளையிட்ட இரும்புத் தகட்டை ஆணியிட்டு இறுக்குங்கள். இதனால் மூன்று நன்மைகள். குழாய் முழுதாக நிறைந்து அழுத்தத்தில் ஓடாது, ஆகவே இணைப்பில் சிறு பிளவு இருந்தாலும் தண்ணீர் கட்டுக்குள் பீறிடாது. உள்ளே விளக்குப் பிடித்துப் பார்க்கலாம். துளை பெரிது அல்லது சிறிது என்று பின்னால் தெரிந்தால் தகட்டை மட்டும் மாற்றலாம்.

குழாயை உறுதியான இயற்கை மண்ணில், கொங்கிரீட் தொட்டிலில் வையுங்கள். பாதி பாறையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் வைத்தால் அந்தச் சந்தியில் முறியும். இணைப்புகள் இறப்பர் வளையம் உள்ளவையாக இருக்கட்டும். சீமெந்துச் சாந்து பூசிய இணைப்பு கட்டு அமரும்போது வெடிக்கும். குழாய்க்கு வெட்டும் அகழியின் சுவர்களைச் செங்குத்தாக விடாமல் 1க்கு 1.5 அளவில் சரித்துவிடுங்கள். செங்குத்துச் சுவருக்கிடையே நிரப்பிய மண் சுவரில் தொங்கி, அடியில் இறுகாமல் வெற்றிடம் விடும். குழாயின் வயிற்றுக்குக் கீழே எந்த ரோலரும் புகாது. அங்கே 10 சென்றிமீற்றர் அடுக்குகளாக, கைத்தட்டுக் கட்டையால் இரு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும். இந்த வேலையைக் கொந்தராத்துக்கு விடாமல் நாட்கூலிக்குச் செய்விப்பது நல்லது. கொந்தராத்தில் முதலில் அவசரப்படுத்தப்படுவது இதுதான்.

முன்பெல்லாம் குழாயைச் சுற்றி இடையிடையே கொங்கிரீட் பட்டைச் சுவர்கள் வைப்பார்கள், கசிவு நீர் சுற்றிப் போகட்டும் என்று. இன்றும் சில வரைபடங்களில் அவை வரும். அந்தச் சுவர்களின் மூலைகளில் மண்ணை இறுக்க முடியாது என்பதால், எதைத் தடுக்க வைத்தார்களோ அதையே அவை உண்டாக்கின. அமெரிக்காவின் மண் பாதுகாப்புச் சேவை 1980களிலேயே அவற்றுக்குப் பதில் மணல் வடிகட்டிக்கு மாறியது. அதாவது குழாயின் வெளிப்பக்க மூன்றிலொரு பகுதியில், குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீற்றர் அளவுக்கு, குழாய்க்குக் குறுக்கே ஒரு மீற்றர் தடிப்பில் சுத்தமான பருமணல் திரை. அதிலிருந்து வெளிப்பக்க அடிக்கு மணலும் சல்லியும் கொண்ட வடிகால். கசிவு நீர் மணல் வரை வரும். மண் துகள் மணலில் நின்றுவிடும். தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். சேறு கலந்த மணல் இதற்கு உதவாது. ஈர மணலை ஒரு குவளையில் அழுத்தி உருவாக்கித் தட்டில் கவிழ்த்து, சுற்றித் தண்ணீர் விடுங்கள். உடனே சரிந்து பரவினால் நல்ல மணல். சுவர் போல நின்றால் அதில் களி இருக்கிறது. அது வெடிப்பு விழும்போது மூடாமல் தானும் வெடித்து நிற்கும். கழுவிப் பாவியுங்கள்.

உள்வாயில் குப்பை தடுக்கும் கம்பித் தட்டி இல்லாமல் இந்த அணை ஒரு மழைக்குக்கூட உதவாது. கவ்வாத்துக் குச்சி, கோவா இலை, உரப்பை, பிளாஸ்டிக் போத்தல், மூங்கில் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். கம்பிகளுக்கிடையே 12 முதல் 15 சென்றிமீற்றர் இடைவெளி, அதாவது துளையின் பாதிக்கு மேல் வேண்டாம். தட்டியின் மொத்தப் பரப்பு துளையின் பரப்பைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாமல், சரிவாக, மேலேயும் திறந்த கூண்டாக அமையட்டும். அப்போது அடிப்பகுதி அடைத்தாலும் மேல்மட்டத்தால் தண்ணீர் புகும். உள்வாய்க்கு 15, 20 மீற்றர் மேலே ஓடையில் கருங்கல்லால் ஒரு சிறு மணல் தடுப்புக் கட்டி, அங்கே படியும் மண்ணைப் பெக்கோ போய் அள்ள வழி வையுங்கள். மகாவலியின் பொல்கொல்லை அணையே வண்டல் நிறைந்து கொள்ளளவை இழந்த மலை நாட்டில், மரக்கறி நிலத்துக்குக் கீழே கட்டும் சிறு அணை இதிலிருந்து தப்பாது.

வெளிவாயில் தண்ணீர் மிகுந்த வேகத்தோடு வெளியேறும். 6×9 அங்குலக் கருங்கல்லை வெறுமனே அடுக்கினால் இரண்டு மழைக்குள் உருண்டுவிடும். கேபியன் கூடையிலோ (கல் நிரப்பிய கம்பிவலைக் கூடை) சாந்திட்ட கற்கட்டிலோ ஒரு மீற்றர் ஆழத் தொட்டி அமைத்து, வேகத்தை அங்கே சாகடித்த பிறகே ஓடைக்கு விடுங்கள்.

வான்

வானைக் கணக்கிடும்போது குழாய் முழுதாக அடைத்துவிட்டது, அணை ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அரிதான மழைக்கு மணிக்கு 150 மில்லிமீற்றர் என்று எடுத்தால் வரத்து செக்கனுக்கு 4.2 கன மீற்றர். 7 மீற்றர் அகல வானில் அது அரை மீற்றர் ஆழத்தில் போகும். அதற்கு மேல் தண்ணீர் தொடாமல் கட்டு நிற்க வேண்டிய உலர் உயரம் 60 சென்றிமீற்றர். 4 மீற்றர் வான் மட்டத்தோடு இந்த 1.1ஐக் கூட்டித்தான் 5.1 வந்தது. இந்த எண்கள் கணக்கு எப்படிப் போகிறது என்று காட்டுவதற்கு. உங்கள் ஓடைக்கான மழைவேகத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பிரதேச வளைகோடுகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். கீழே வீடு இருக்கும் எந்த அணைக்கும் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் மண் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இதே அணை நிறைந்த நிலையில் உடைந்தால், உடைப்புக்கான அனுபவச் சமன்பாடுகளின்படி உச்ச ஓட்டம் செக்கனுக்கு 40 கன மீற்றரைத் தாண்டும். அணையே இல்லாமல் அதே மழை தந்திருக்கக்கூடியது 2.8. வெள்ளத்தைக் குறைக்கக் கட்டியது வெள்ளத்தைப் பதினைந்து மடங்காக்கிவிடும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பெரும் குளம், சமதரை. செங்குத்துப் பள்ளத்தில் சிறு அணையின் தண்ணீர் கீழ் லயத்துக்கு வந்து சேர சில நிமிடங்களே ஆகும்.

வானைக் கட்டின் மேலால் விடக்கூடாது. பக்கத்து மலையின் தொடப்படாத இயற்கை நிலத்தில் வெட்ட வேண்டும். தண்ணீர் கட்டின் அடியைத் தொடாமல் தள்ளிப்போய் ஓடையில் சேர வேண்டும். சமதரை ஊர்களில் புல் வான் போதும். புல் தாங்கும் வேகம் செக்கனுக்கு இரண்டு மீற்றர் அளவுதான் என்பதால், நமது சரிவில் கேபியன் அல்லது கற்கட்டுப் படிகள் தேவை. செலவில் இந்தப் படிகள்தான் கண்ணைக் குத்தும். பணம் முடிந்துவிட்டது என்று இதைத்தான் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று விடுவார்கள். படிகளுக்குப் பணமில்லை என்றால் கட்டையே தொடங்காதீர்கள். கட்டின் மேல்தளத்தின் மிகத் தாழ்ந்த புள்ளி எது என்று மட்டக்கருவியால் வருடந்தோறும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் போய்ப் போய்ப் பள்ளமான ஒரு தடமே உலர் உயரத்தில் பாதியைத் தின்றுவிடும்.

முதல் நிறைவு

உள்ளரிப்பால் உடையும் அணைகளில் பெரும்பகுதி முதல் நிறைவிலோ முதல் ஐந்து வருடங்களிலோ உடைகின்றன. வாவி போன்ற அணையில் முதல் நிறைவு பகலில், பலர் பார்த்திருக்க, மெல்ல நடக்கும். காலியாக இருக்கும் வெள்ள அணைக்கு முதல் முழு நிறைவு கட்டி மூன்று வருடம் கழித்து, நடு இரவில், அதுவரை காணாத மழையில் வரலாம். அதற்குள் கட்டு காய்ந்து வெடித்திருக்கும். ஆகவே முதல் வருடம், மழை குறைந்த ஒரு வாரத்தில், வேண்டுமென்றே நிறைத்துப் பாருங்கள். துளையை மரப்பலகையால் பகுதியாக மூடி, மூன்றிலொரு உயரத்துக்குத் தேக்கி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பிறகு மூன்றில் இரண்டு. பிறகு வான் மட்டம். கீழ் லயங்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, பகலும் இரவும் ஆள் நிறுத்தி, பலகையை எந்த நேரமும் இழுத்தெடுக்கக் கயிறு கட்டி வைத்தே இதைச் செய்ய வேண்டும். வடிகாலில் வரும் கசிவை வாளியால் அளந்து, நிறத்தோடு எழுதி வையுங்கள். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் அணை தன் வேலையைச் செய்கிறது. முடிந்ததும் பலகையைக் கழற்றி அங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள்.

பராமரிப்பில் முக்கியமானது புல். மேல்மண் பரப்பிக் குட்டைப் புல் பதித்து, தரை தெரியும் அளவுக்கு வெட்டி வைத்திருங்கள். உயர்ந்த மானாப் புல்லுக்குள் முள்ளம்பன்றியின் பொந்து கண்ணுக்குத் தெரியாது. காட்டுப்பன்றி கிளறிய இடம், நண்டு வளை, கறையான் புற்று எல்லாவற்றையும் முடியும் வரை தோண்டி இறுக்கி நிரப்ப வேண்டும். வாயை மட்டும் அடைத்தால் உள்ளே குகை இருக்கும். கட்டில் மரம் வேண்டவே வேண்டாம், நிழலுக்கும் வேண்டாம், வாழையும் வேண்டாம். கம்பித் தட்டியைப் பருவமழைக்கு முன்பும் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் துப்பரவாக்க ஒருவருக்குப் பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்து, கூலியும் கொடுங்கள். எல்லோரும் பார்ப்போம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

அனுமதி விடயம் சுருக்கமாக: பெருந்தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடைமை, கம்பனிகளிடம் குத்தகைக்கு இருப்பது. ஆகவே தோட்ட நிர்வாகம், பிரதேச செயலகம் இரண்டின் எழுத்து அனுமதியும் தேவை. மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அணை வடிவமைப்புக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், வயலோடு சேர்ந்த சிறு நீர்ப்பாசனமானால் கமநல சேவை நிலையம். வெளியிலிருந்து மண் ஏற்றினால் புவிச்சரிதவியல் அளவைகள் மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

மழை இரவில்

அணைக்கு அருகே ஒரு மழைமானி வையுங்கள். மண்சரிவு எச்சரிக்கைக்குப் பாவிக்கும் அளவுகளே இங்கும் பொருந்தும்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் ஆள் போய்த் தட்டியைப் பார்க்க வேண்டும், 100 என்றால் கீழ் லயங்கள் தயாராக வேண்டும், 150, அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 என்றால் ஆட்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். தட்டியைத் துப்பரவாக்கத் தண்ணீருக்குள் யாரும் இறங்கக்கூடாது. நீண்ட கொக்கித் தடியால் கரையிலிருந்து மட்டும்.

வெளிப்பக்கத்தில் புதிய ஊற்று தெரிந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் குறித்து வைத்துக் கவனியுங்கள். கலங்கி வந்தால் மண் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஒருவர் லயங்களுக்கு ஓட வேண்டும், ஒருவர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க வேண்டும். ஆட்களை ஓடை நெடுகக் கீழே ஓட விடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற்றுங்கள். அதற்குப் பிறகே கட்டு. கலங்கல் வரும் வாயைக் களியாலோ உரப்பையாலோ அடைக்காதீர்கள். தண்ணீர் பக்கத்தில் வேறு வழி உடைக்கும். அதன் மேல் பருமணலைக் கொட்டி, அதற்கு மேல் சல்லி, அதற்கு மேல் கருங்கல் போடுங்கள்; தண்ணீர் வரட்டும், மண் மட்டும் நிற்கட்டும். இதற்காக நான்கைந்து கியூப் மணலும் அதே அளவு சல்லியும் வெளிப்பக்க அடிவாரத்துக்கு அருகே எப்போதும் குவித்து வைத்திருக்க வேண்டும். நடு இரவில் மழையில் டிப்பர் அந்தப் பாதையில் ஏறாது. கட்டின் மேல் எந்த இயந்திரத்தையும் ஏற்றாதீர்கள். தண்ணீர்ப் பக்கத்தில் சுழி தெரிந்தால், அந்தச் சுழியின் மேல்தான் களியும் தார்ப்பாயும் போட வேண்டும், அதுவும் கட்டு அசையாமல் இருக்கும் வரை மட்டும். மேல்தளத்தில் நீளவாட்டு வெடிப்போ அமிழ்வோ கண்டால் எல்லாவற்றையும் அப்படியே விட்டு இறங்கி, பக்கத்து மலைக்குப் போய்விடுங்கள்.